பதினோரு சதவீத ஞானம்

திருந்தியவர் என்றொரு இனம் உண்டு. தப்பு செய்கிறவரோடு கூட ஒரே வீட்டில் காலம் தள்ளிவிடலாம். போன மாதம் திருந்தியவரோடு லிஃப்டில் நான்கு மாடி ஏற முடியாது. நம்பிக்கை இல்லையா? இந்தப் பல் டாக்டரைப் பாருங்கள்.

போன மாதம் வரை இவரிடம் ஒரு சிவப்பு பெட்ரோல் கார் இருந்தது. உருவத்தில் சின்னது, உறுமலில் பெரியது. அது தெருமுனையில் திரும்பும்போதே இரண்டாம் மாடிக் குழந்தை விழித்துக்கொண்டு அழும். சைலன்சரில் எதையோ மாற்றி அந்தச் சத்தத்தை வரவழைத்தவரே இவர்தான். அதை ஒரு மெக்கானிக்குக்கு விற்றுவிட்டு, சோப்புப் பெட்டி மாதிரி ஒரு மின்சாரக் கார் வாங்கினார். தெரு நிம்மதிப் பெருமூச்சு விட்டது. அவசரப்பட்டுவிட்டது. கார் வாயை மூடியதும் டாக்டர் திறந்துவிட்டார்.

வாயைப் பிளந்து படுத்திருக்கும் நோயாளியால் பதில் பேச முடியாது என்பது அவர் தொழிலில் பெரிய வசதி. கடைவாய்ப் பல்லைக் குடைந்தபடியே புகை, பூமி, வருங்காலச் சந்ததி என்று தொடங்கி, பேட்டரியை எண்பது சதவீதத்துக்கு மேல் ஏற்றினால் அதன் ஆயுள் குறையும் என்பதில் கொண்டுவந்து நிறுத்துவார். நோயாளி வலியில் முனகினால் ஆமோதிக்கிறார் என்று அர்த்தம். மாலையில் அக்கம்பக்கத்தாரை ஒவ்வொருவராக ஏற்றிக்கொண்டு, கிளம்புகிற வேகத்தைக் காட்டுவதற்காக ஆக்ஸிலரேட்டரை ஓங்கி மிதிப்பார். பழக்கம் போகவில்லை, சத்தம்தான் போயிற்று.

மகளுக்கு முதல் இன்டர்வியூ, காலை பத்து மணிக்கு. எட்டு மாதம் காத்திருந்து வந்த அழைப்பு. பஸ்ஸில் போய்விடுகிறேன் என்றவளைத் தடுத்து, அப்பா நான் எதற்கு இருக்கிறேன் என்றவர் இவர். முந்தைய மாலை ஆறு பேருக்கு வித்தை காட்டிய களைப்பில் சார்ஜ் போட மறந்தது, காரில் ஏறிய பிறகுதான் தெரிந்தது. பதினோரு சதவீதம். அடக்கமாக ஓட்டினால் போய்ச் சேரலாம். ஏசியை நிறுத்தினார். கண்ணாடியை இறக்கினால் காற்று வண்டியைப் பிடித்து இழுக்குமாம், அதையும் ஏற்றிவிட்டார். மகள் போனைச் சார்ஜில் செருகப் போனாள், கையைப் பிடித்துக்கொண்டார். இஸ்திரி போட்ட சட்டை முதுகில் ஒட்ட, ஃபைலால் விசிறிக்கொண்டு, அவள் பல்லைக் கடித்தாள். அப்படிக் கடித்தால் பல் தேயும் என்றார் அப்பா.

சிக்னலில் பக்கத்தில் ஓர் உறுமல். அதே சிவப்புக் கார். மெக்கானிக் சிரித்தபடி கையை ஆட்டினார், அவ்வளவுதான். போட்டி என்ற நினைப்பே அந்த மனுஷனுக்கு இல்லை. பச்சை விழுந்தது. டாக்டர் தலை முதல் இடுப்பு வரை திருந்தியிருந்தார். வலது கால் திருந்தவில்லை.

மூன்று சிக்னல். மூன்றிலும் சோப்புப் பெட்டிதான் முதலில் பாய்ந்தது. டாக்டர் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிக் குதூகலித்தார். நான்காவது சிக்னல் வருமுன் கார் ஊர்ந்து, ஓரமாக ஒதுங்கி, சத்தமே இல்லாமல் நின்றது. மணி ஒன்பது நாற்பது.

"அப்பா, எனக்கு இந்த வேலை வேணும்பா" என்றாள் மகள். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவரைச் சுட்டது.

பின்னாலேயே வந்த சிவப்புக் கார் நின்றது. "ஏறும்மா, நான் விட்டுடறேன்" என்றார் மெக்கானிக். டாக்டர் கதவைத் திறந்துவிட்டார். அந்த உறுமல் தேய்ந்து மறையும் வரை நின்று கேட்டார். கண் கலங்கியிருந்தது. மகளுக்காகவா, சைலன்சருக்காகவா என்று என்னைக் கேட்காதீர்கள்.

வேலை கிடைத்துவிட்டது. மறுநாள் நாற்காலியில் வாயைப் பிளந்து படுத்திருந்தவரிடம் டாக்டர் சொன்னார்: "மூணு சிக்னல் சார். பெட்ரோல் கார் எனக்குப் பின்னாடிதான்." மகள் எப்படிப் போய்ச் சேர்ந்தாள் என்பது அந்தக் கதையில் வராது.

சிரிக்கிறீர்கள். நல்லது. நீங்கள் சமீபத்தில் எதை விட்டீர்கள்? சர்க்கரையையா, டிவியையா, கோபத்தையா? யாரும் கேட்காமலே எத்தனை பேரிடம் சொன்னீர்கள்? பதிலை என்னிடம் சொல்ல வேண்டாம். நாளைக் காலையில் வீட்டில் யாரையாவது, வா, நான் கொண்டுபோய் விடுகிறேன் என்று கூப்பிட்டுப் பாருங்கள். பஸ்ஸே போதும் என்கிறார்களா?