இயக்குநருக்கு வந்த வாழ்த்துகள்

குடிநீர் அலுவலகத்தின் விண்ணப்பங்கள் யாவும் இனி இணையதளம் வழியாகவே ஏற்கப்படும் என்று அறிவிப்பு வந்தபோது எங்கள் தெருவே மகிழ்ந்தது. வரிசையில் நின்று கால் கடுத்தவர்கள் வேறென்ன செய்வார்கள்?

மூன்றாம் மாடித் தையற்காரம்மாதான் முதல் ஆளாகக் குழாய் இணைப்பு கேட்டார். இரண்டு தெரு தள்ளிப் போய்க் குடம் சுமந்து மாடி ஏறியே இடுப்பு விட்டுப்போனவர். பொத்தானை அழுத்தியதும் பதில் வந்தது: "தங்கள் வாழ்த்தினை இயக்குநர் பேருவகையுடன் ஏற்றுக்கொண்டார்."

ஏதோ தவறு என்று மறுபடி அழுத்தினார். இயக்குநர் மறுபடி பேருவகை கொண்டார். இப்படியே ஒரு வாரம் போயிற்று.

அந்தத் தளத்தை எழுதியதே அவருடைய சொந்தத் தம்பி. வீட்டுக்கு வந்தவனைப் பிடித்துக்கொண்டார்.

"என்னடா எழுதி வெச்சிருக்கே?"

"எந்தப் படிவம் எங்க போகணும்னு வரிசையா எழுதியிருக்கும்க்கா. கம்ப்யூட்டர் மேலேருந்து படிச்சுக்கிட்டே வரும். முதல்ல எது பொருந்துதோ அங்க தள்ளிட்டு நின்னுடும். இயக்குநரோட வாழ்த்துப் பக்கத்துக்கு, எது வந்தாலும் விடாம எடுத்துக்கணும்னு கேட்டாங்க. அந்த வரியை நான் கடைசியிலதான் வெச்சேன்."

"அப்புறம்?"

"மேலாளர் பார்த்துட்டார். இயக்குநர் கழிவுநீர்ப் பிரிவுக்கும் கீழேயான்னு குதிச்சார். தூக்கி உச்சியில வெச்சுட்டேன்."

"இப்ப இறக்கேன்டா."

"ஒரு நிமிஷ வேலைதான். அப்புறம் எனக்கு வேலையே இருக்காது."

இருந்தாலும் அக்கா பாசம் விடவில்லை. மறுநாள் மேலாளரிடம் போனான்.

"சார், ஒரு விண்ணப்பம்கூடப் போய்ச் சேரலை."

"எல்லாம் நேரா இயக்குநருக்கே போகுதேப்பா. இதைவிட வேகமா எந்த ஆபீஸ்ல போகும்?"

"அது வாழ்த்து இல்ல சார். தண்ணி கேட்டு வந்தது."

"அப்படியா? நீயே போய் அவர்கிட்ட சொல்லிடேன்."

தம்பி சொல்லவில்லை. நானாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

இயக்குநரோ நெகிழ்ந்துபோயிருந்தார். பணியில் சேர்ந்த நாள் முதல் அவரை யாரும் வாழ்த்தியதில்லையாம். அதிகம் வாழ்த்திய குடிமகளை நேரில் கண்டு நன்றி நவில வேண்டும் என்று முடிவாகி, ஒரு காலையில் மேலாளர் பின்தொடர மூன்று மாடியும் ஏறி வந்தார். வந்ததும் நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

"கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா."

தையற்காரம்மா விடிகாலையில் சுமந்து வந்த குடத்திலிருந்து ஒரு டம்ளர் கொடுத்தார். இயக்குநர் அதைக் குடித்துவிட்டு இன்னொன்றும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"சார், நான் வாழ்த்து அனுப்பலை. இந்த வீட்டுக்குக் குழாய்தான் கேட்டேன்."

இயக்குநரின் முகம் வாடிவிட்டது. "என்னன்னு பாருங்க" என்று மேலாளரிடம் சொல்லிவிட்டு இறங்கினார். மேலாளர் பார்த்தார். மறுநாளே உத்தரவு வந்தது: "தங்கள் இல்லத்தில் சுவையான குடிநீர் போதிய அளவில் இருப்பது இயக்குநர் அவர்களால் நேரில் இருமுறை பருகி உறுதி செய்யப்பட்டதால், இணைப்பு அவசியமற்றது."

தையற்காரம்மா அழுதுவிட்டார். எங்களுக்கு ரத்தம் கொதித்தது. தெருவே திரண்டு, ஒருவர் பாக்கியில்லாமல், இணையதளத்திலேயே புகார் அனுப்பினோம்.

அதிகம் வாழ்த்திய தெரு என்று அடுத்த வாரம் இயக்குநர் வீடு வீடாக வருகிறாராம். குடங்களை எங்கே ஒளித்து வைப்பது என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருக்கிறோம்.