இருபத்தெட்டாம் நாள் பரீட்சை

இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது என்னவென்றால், எண்ணூர் நெடுஞ்சாலையோரம் எழும்பிக்கொண்டிருந்த நாலு மாடிக் கிடங்கின் தலையெழுத்து, அன்று காலை பதினொரு மணிக்கு மூன்று கான்கிரீட் கட்டிகளால் நிர்ணயிக்கப்படவிருந்தது.

கட்டிகளைக் காணவில்லை என்பது பத்தேகாலுக்குத்தான் தெரிந்தது.

தளம் போடும் அன்று அதே கலவையை அரையடி அச்சில் நிரப்பி, இருபத்தெட்டு நாள் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து, பிறகு மெஷினில் வைத்து நசுக்குவார்கள். உடையுமுன் மெஷினின் முள் இருபத்தைந்தைத் தொட்டால் அடுத்த மாடி. தொடாவிட்டால் போட்ட தளத்தை இடிக்க வேண்டியதுதான். தொட்டிக்குக் காவல் நசீர். ஏற்கெனவே மூன்று வேலைகளைத் தொலைத்துவிட்டு இங்கே வந்து ஒட்டிக்கொண்டவன்.

காலித் தொட்டியைப் பார்த்துவிட்டு ஓடினான். கட்டிகள் சமையல் கொட்டகையில் இருந்தன. பூவம்மாவின் சாம்பார் அண்டாவை மூன்றும் தாங்கிக்கொண்டிருந்தன.

"யக்கா! இன்னாக்கா இது? டெஸ்ட்டுக் கல்லுக்கா!"

"அடுப்புக்குக் கல்லு வோணாமா நைனா? இந்த சைட்டுல ஒரே மட்டமா கீறது இது மட்டுந்தான்."

நசீர் ஒரு கட்டியைக் கம்பியால் நெம்பினான். அண்டா சாய்ந்தது. நாற்பது பேருக்கான சாம்பார் மூன்று கட்டிகளையும் குளிப்பாட்டியது.

"ஐயையோ! நைனா, அந்தக் கல்லு இன்னாத்துன்னா..."

"அப்பறம் சொல்லுக்கா, என் வேலை பூடும்!"

புளி போட்டுத் தேய்த்தான். கரி போனது, கூடவே பெயின்ட்டில் எழுதியிருந்த தேதியும் போனது. நீலப் பெயின்ட்டில் புதிதாக எழுதினான். பதற்றத்தில் இன்றைய தேதியை எழுதிவிட்டான். அழித்தான், கட்டி நீலமாகிவிட்டது. மூன்றையும் நீலமாக்கிவிட்டு மேலே வெள்ளையில் சரியான தேதியைப் போட்டான். சாம்பார் வாசனை மட்டும் போகவில்லை. சட்டைப்பையிலிருந்த அத்தரைக் கவிழ்த்தான்.

பதினொரு மணிக்கு மேனேஜர் தேவப்பிரியம் வந்தார். கூடவே, தளத்தை ஏற்பதா இடிப்பதா என்று முடிவு சொல்ல வேண்டிய ஆலோசகர் ராமசெல்வி.

"மேடம், கான்கிரீட்ங்கறது கலவை இல்ல, கலாச்சாரம்!" என்றார் தேவப்பிரியம்.

ராமசெல்வி மூக்கைச் சுளித்தார். "என்ன சார், கல்யாணப் பந்தி மாதிரி வாசனை வருது? ஏன் நீலமா இருக்கு?"

தேவப்பிரியத்துக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. "புதுத் தொழில்நுட்பம் மேடம். நம்ம ரகசியம்."

நசீர் மெஷினில் முதல் கட்டியை வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். நெருப்பில் வெந்த கல், எங்கே தாங்கப்போகிறது? முள் இருபதைத் தாண்டியது. இருபத்தைந்து. முப்பது. நாற்பத்திரண்டில்தான் படீரென்று சத்தம் கேட்டது. இரண்டாவது நாற்பத்துமூன்று. மூன்றாவது நாற்பத்தொன்று.

நசீருக்கு ஒன்றும் புரியவில்லை. தேவப்பிரியத்துக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"பாத்தீங்களா? இருபத்தஞ்சு கேட்டீங்க, நாப்பது குடுத்திருக்கோம்! பக்கத்து சைட்டுக்காரன் வந்து பாத்துக் கத்துக்கணும் மேடம்!"

ராமசெல்வி பேனாவைத் திறந்தார். "நாலு மாடியும் இதே கலவைலயே போட்டுடுங்க."

சாம்பார் இல்லாத சோற்றோடு வாசலில் நின்றிருந்த பூவம்மாவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"அத்தத்தான் நைனா அப்பவே சொல்ல வந்தேன். உன்து மூணும் அண்டா வெச்ச மொத நாளே பொடிஞ்சிபூட்சி. இது பக்கத்து சைட்டு கல்லு."