ஊதாக்காரர் எங்கள் வீட்டில் தூங்கிய நாட்கள்

கோயம்புத்தூரில் காற்றைக் கண்ணால் பார்த்தவர் ஒரே ஒருவர்தான். மற்றவர்களெல்லாம் ஆடி மாதம் பாலக்காட்டுப் பக்கமிருந்து அடிக்கிற காற்றில் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தாங்களும் காற்றைப் பார்த்துவிட்டதாக நினைத்துக்கொள்பவர்கள்.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. வீட்டு ஏசிக்குள்ளே புற ஊதா விளக்கு பொருத்தி, காற்றைச் சுத்தம் செய்து தருகிறவர் என்பதால் ஊருக்கு அவர் ஊதாக்காரர். எல்லோருடைய கைபேசியிலும் அந்தப் பெயரில்தான் இருந்தார். விசிட்டிங் கார்டு கேட்டால், "அட்டை எதுக்குங்க, என்ர மூஞ்சிதான் இருக்குதே" என்பார். மறக்கக்கூடிய முகமும் இல்லை. அறுபத்தைந்து வயது, நெற்றிக்கு ஏற்றிவிட்ட கறுப்புக் கண்ணாடி, அதற்குக் கீழே எப்போதும் பாதி மூடிய கண்கள். அவரோடு பேசிக்கொண்டிருந்தால் ஐந்தாவது நிமிடம் நமக்குக் கொட்டாவி வரும்.

விளக்கு விற்பதைவிட விற்காமல் இருப்பதில்தான் அவருக்கு ஆர்வம் அதிகம். ஈரோட்டில் ஒரு மஞ்சள் வியாபாரி கார் அனுப்பி அவரை வரவழைத்தார். வாசற்படி தாண்டி இரண்டு மூச்சு இழுத்தவர், "உங்க ஊட்டுக்காத்துல மஞ்சத்தூள் பறக்குதுங்க. வெளக்கு கிருமியைத்தான் கொல்லும், தூசியை ஒண்ணும் பண்ணாது. நல்ல ஃபில்டரா ஒண்ணு போடுங்க. நான் வாரேன்" என்று சொல்லி அதே காரில் திரும்பிவிட்டார். கார் எஞ்சின்கூட ஆறவில்லை என்று கேள்வி.

ஏசி விற்கும் ஒரு பெரிய கடையில், வாங்க வருகிறவர்கள் பக்கத்தில் போய் நின்று, "இது உங்க ஊட்டுக்கு வேண்டாமுங்க" என்று காதோரம் சொல்லிக்கொண்டே இருந்தாராம். இனி உள்ளே வரவேண்டாம் என்று கடைக்காரர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். மறுநாளிலிருந்து கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று தலையை மட்டும் ஆட்டியிருக்கிறார். அதன்பிறகு கடைக்கு வந்தவர்கள் விலை கேட்பதற்கு முன்னால் வாசலைத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்படிப்பட்டவரிடம் நாங்கள் போய்ச் சேர்ந்தது என் மனைவி சுமதியின் இருமலால்.

சரவணம்பட்டிப் பக்கம் வீடு கட்டிக் குடிவந்தபோது, கூரைக்குள் குழாய் ஓடவிட்டு எல்லா அறைகளுக்கும் ஒரே இயந்திரம் காற்று அனுப்புகிற ஏசியைப் போட்டுக்கொண்டோம். குளிரும் தரும், சூடும் தரும் என்று சொல்லி விற்றார்கள். இரண்டாவது கோடையில் சுமதிக்கு இருமல் பிடித்தது. நுரையீரல் சுத்தமாக இருக்கிறது, வீட்டில் ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்றார் டாக்டர். அவிநாசியில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனால் இருமல் நின்றுவிடும். எங்கள் வீட்டுக்கு வந்த மறுநாள் மறுபடி ஆரம்பிக்கும். ஐந்து முறை போய் வந்து பார்த்தாயிற்று. கடைசியில் கொழுந்தியாள் என்னைக் கூப்பிட்டு, "ஏனுங் மாமா, தப்பா நெனைச்சுக்காதீங்க. அக்காளுக்கு உங்களைப் பார்த்தாத்தான் இருமல் வருதாட்ட இருக்குது" என்றாள். உறவுக்காரர்கள் அனைவரும் அந்த முடிவுக்கு ஏற்கெனவே வந்திருந்தார்கள்.

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் சுமதி பெண்கள் பள்ளி ஒன்றில் தமிழாசிரியை. செய்யுள் சொல்லும்போது பாதி வரியில் இருமல் வரும். மீதி வரியைப் பிள்ளைகளே சொல்லி முடித்துவிடுவார்கள், பரிதாபப்பட்டு. அந்தப் பரிதாபத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. விருப்ப ஓய்வுக் கடிதம் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். "இந்த மாசம் பார்ப்பேனுங்க, இல்லாட்டிக் குடுத்துப்போடுவேன்" என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். அன்றைக்கே ஊதாக்காரருக்குப் போன் செய்தேன். "வாரேனுங்க" என்றார். பன்னிரண்டாம் நாள் வந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பதினோரு மணி. ஏசியையும் மின்விசிறிகளையும் நிறுத்தச் சொன்னார். ஜன்னல்களைச் சாத்தச் சொன்னார். கூடத்தின் நடுவில் ஒரே ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி வைத்துவிட்டுத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"சித்த நேரம் எல்லாரும் அப்படியே உக்காருங்க. காத்து வெக்கப்படுமுங்க. ஆளு நடந்தா அது நடக்காது."

உட்கார்ந்தோம். திரைச்சீலை வழியாக வடிந்த வெயிலில் புகை நேராக ஏறியது. ஆள் உயரத்துக்குப் போனதும் சற்று யோசித்தது. பிறகு யாரோ கூப்பிட்டதுபோல வலப்பக்கம் திரும்பி, மாடிப்படியை நோக்கி மெதுவாகப் போயிற்று. வெயில் கீற்றில் தூசிகள் அவசரமில்லாமல் மிதந்துகொண்டிருந்தன. இத்தனை கூட்டத்தோடு குடியிருக்கிறோம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அம்மணி, எந்த ரூம்ல படுத்தா உங்களுக்குக் கனவு நெறைய வருதுங்க?" என்று கண்ணைத் திறக்காமல் கேட்டார்.

சுமதி கோணல் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறவள் அல்ல. ஆனாலும், "கீழ் ரூம்லதானுங்க. தண்ணிக்குள்ள நடந்து போறாப்பல ஒரு கனவு, அடிக்கடி வரும்" என்றாள். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் என்னிடம் சொல்லாதது. கனமான காற்று தங்குகிற அறையில் தூக்கமும் கனமாக இருக்கும், கனவும் கூடும் என்பது அவருடைய சித்தாந்தம். விஞ்ஞானம் இதை ஒப்புக்கொள்கிறதா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அவர் குறட்டை விட்டார். சற்று நேரத்தில் சுமதியின் தலை சோபாவில் சாய்ந்தது. அவர்களை எழுப்பலாமா என்று யோசித்துக்கொண்டே நானும் தூங்கிப்போனேன்.

கண் விழித்தபோது மணி ஒன்று. ஊதாக்காரரைக் காணோம். ஏணியின் உச்சியில் இரண்டு கால்கள் மட்டும் நின்றன. உடம்பின் மீதி கூரைக்குள் இருந்தது.

"முழிச்சுட்டீங்களாங்க? உங்க காயில்ல காடு மொளைச்சிருக்குதுங்க."

கைபேசியில் படம் எடுத்துக் காட்டினார். காற்றைக் குளிர வைக்கிற அந்தக் காயில் எப்போதும் ஈரமாக இருக்கும். எங்களுடையதில் கரும்பச்சையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. கீழே தண்ணீர் வடிய வேண்டிய தட்டு அடைத்துக்கொண்டு குட்டை கட்டியிருந்தது. அந்தக் காட்டைத் தொட்டுக்கொண்டு வந்த காற்றைத்தான் நாங்கள் ராத்திரி பகலாக இழுத்துக்கொண்டிருந்தோம்.

அந்த நேரம் பார்த்து அழைப்பு மணி அடித்தது. இவர் வரமாட்டார் என்று நினைத்து, வேறொரு நிறுவனத்துக்கும் நான் சொல்லி வைத்திருந்தேன். கழுத்தில் டையோடு நாற்பது வயதுக்காரர் ஒருவர் வந்து வண்ணப் புத்தகத்தை விரித்தார்.

"சார், இந்த மாடல்ல யூ.வி., அயனி, ஓசோன் மூணும் இருக்கு. ஆன் பண்ணினா வீடு பூரா மழை பெஞ்ச வாசம் வரும்."

ஊதாக்காரர் ஏணியிலிருந்து இறங்கி அவர் பக்கத்தில் மரியாதையாக உட்கார்ந்தார். "ஏனுங் தம்பி, மழை வாசம் மழைல இருந்து வந்தா நல்லதுங்க. பெட்டில இருந்து வந்தா அது நெஞ்சை அரிக்கும். இருமறவங்க ஊட்டுக்குள்ள ஓசோனைக் கொண்டாந்து வெக்கலாமுங்களா?"

"ஓசோன் வராத மாடலும் இருக்குங்க."

"அதைச் சொல்லுங்க. அதுல வெளக்கு காயிலுக்கு நேரா நிக்குமுங்களா, குழாய்க்குள்ள காத்தைப் பார்த்து நிக்குமுங்களா?"

டைக்காரர் பக்கத்தைத் திருப்பினார்.

"ஓடற காத்து வெளக்கு முன்னால நின்னு பேசிட்டிருக்காதுங்க. ஒரு நொடில தாண்டிப் போயிரும். காயில் எங்கயும் போகாது. அதனால வெளிச்சம் அது மேலதான் உழுகோணும். வெளக்கை எப்ப மாத்தோணும்னு போட்டிருக்குதுங்களா?"

"நீலமா எரியற வரைக்கும் வேலை செய்யுங்க."

"அதுதானுங்க தப்பு. எரியும், சத்து இருக்காது. வருசம் ஒருக்கா மாத்திப்போடோணும்."

காபி குடித்து முடிப்பதற்குள் டைக்காரர் தன் வண்ணப் புத்தகத்தின் ஓரத்திலேயே குறிப்பெடுக்க ஆரம்பித்திருந்தார். கிளம்பும்போது குரலைத் தாழ்த்தி, "என்ர சம்சாரத்துக்கும் மூச்சு சரியில்லீங்க. ஒருக்கா எங்க ஊட்டுக்கு வந்து பாக்கறீங்களா?" என்று கேட்டார்.

"வாரேனுங்க" என்றார் ஊதாக்காரர்.

எனக்கு விளக்கு அன்றைக்கே வேண்டும். அவர் மறுத்துவிட்டார். "மொதல்ல கழுவோணுமுங்க. குளிக்காம திருநீறு பூசுனா ஆச்சுங்களா?" இரண்டு நாள் மெல்லிய பிரஷ்ஷால் காயிலைத் தேய்த்துக் கழுவினார். தட்டின் அடைப்பை எடுத்தார். மதியம் சாப்பிட்டதும் கூடத்தில் ஒரு மணி நேரம் தூங்கினார். கேட்டால், காற்றைக் கவனிப்பதாகச் சொன்னார். இயந்திரத்தை மூடும்போது சூடாக்கும் பட்டன் கண்ணில் பட்டது. "கோயமுத்தூர்ல இந்தப் பட்டனை அமுத்தறவர் ஒருத்தரைப் பார்க்கோணும்னு எனக்கு நெம்ப நாளா ஆசைங்க" என்றார்.

பிறகு விளக்குத் தேர்வு. பெண் பார்ப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. முதல் விளக்கு நீளம், காயிலைத் தாண்டி வெளியே நீட்டியது. இரண்டாவதன் வெளிச்சம் ஒயர்களின் மேல் விழுந்தது. "ஊதா வெளிச்சம் பிளாஸ்டிக்கைத் தின்னுபோடுமுங்க." மூன்றாவதில், மூடியைத் திறந்தால் தானாக அணைகிற சுவிட்ச் இல்லை. "இது கண்ணுல பட்டா ஆகாதுங்க. தெறந்தா அணையோணும்." நான்காவது விளக்கை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்திருந்துவிட்டு, "இவன் பரவால்லீங்க" என்றார். விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதற்குக் கெட்ட கதிரைத் தடுக்கிற ஒரு சிறிய கண்ணாடி வைத்தார். அதற்குள் விடியும் முன் வானம்போல ஒரு துளி நீலம் தெரிந்தது. சுமதி பள்ளிவிட்டு வந்ததும் அதை அண்ணாந்து பார்த்தபடி சற்று நேரம் நிற்பாள்.

இருமல் குறைந்தது. ஆனால் முழுதாக நிற்கவில்லை. வியாழக்கிழமை வரும், வெள்ளி முழுக்க இருக்கும், சனிக்கிழமை தணியும். ஊதாக்காரர் முகம் வாடிப்போயிற்று. சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். தூக்கம் மட்டும் குறையவில்லை. ஒரு வியாழக்கிழமை வந்து ஊதுபத்தி கொளுத்தி உட்கார்ந்தவர், "உங்க ஊட்ல வியாழக்கிழமை என்னங்க நடக்குது?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லீங்ணா. நான் எழுதற வாரப் பத்திரிகை வரும். எடுத்து வெப்பேன்."

"எங்கீங்க வெப்பீங்க?"

மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அலமாரியைத் திறந்தேன். பதினெட்டு வருடங்களாக நான் எழுதிய பத்திகள், இதழ் இதழாக, கட்டுக் கட்டாக. பழைய வீட்டில் ஒருமுறை மழைநீரில் ஊறிக் காய்ந்தவை. அலமாரிக்குப் பக்கத்துச் சுவரில்தான் அறைகளின் காற்றையெல்லாம் ஏசி திருப்பி இழுத்துக்கொள்கிற கம்பி வலை. வாராவாரம் நான் கதவைத் திறக்கும்போது கிளம்புகிற தூசி நேராக அதற்குள்தான் போகும். அவர் ஒரு கட்டை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். கண்கள் முதல்முறையாக முழுதாகத் திறந்தன.

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்க எழுத்துல பூஞ்சை புடிச்சிருக்குதுங்க."

விமர்சகர்கள் பலவிதமாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இவ்வளவு ஆதாரத்தோடு யாரும் சொன்னதில்லை. சுமதி சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். கொழுந்தியாளுக்கு இந்தச் செய்தி எப்படிப் பத்து நிமிடத்தில் போயிற்று என்பது எனக்கு இன்னும் புரியவில்லை.

நான் அலமாரிக்கு முன்னால் அப்படியே நின்றேன். எரிக்கவும் மனமில்லை, பழைய பேப்பர்காரரிடம் போடவும் மனமில்லை. ஊதாக்காரர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "குடுங்க, நான் கொண்டுபோறேன். என்ர மொட்டைமாடில வெயில்ல காயப்போடறேன். சூரியனைவிடப் பெரிய ஊதா வெளக்கு கெடையாதுங்க" என்றார். நான்கு நடையாக ஸ்கூட்டரில் ஏற்றிப் போனார்.

அவர் காயப்போட்டது ஆடி மாதம். மொட்டைமாடியிலிருந்து என் இலக்கியம் மூன்று தெருக்களுக்குப் பறந்தது. ஊதாக்காரர் வீடு வீடாகப் போய், "எங்க எழுத்தாளர் காயிதம் ஒண்ணு இங்க வந்துச்சுங்களா?" என்று கேட்டுப் பொறுக்கியிருக்கிறார். பொறுக்கியதைப் படித்தும் இருக்கிறார். மத்தியானங்களில் போன் வரும். "அந்தப் பல்லி மேட்டர் நெம்ப நல்லா இருந்துதுங்க. முடிவு மட்டும் காத்துல போயிருச்சு. அது பொழைச்சுதுங்களா?"

"பொழைச்சுதுங்ணா" என்பேன். நிஜத்தில் நான் அதைச் சாகடித்திருந்தேன்.

அடுத்த வியாழன் இருமல் வரவில்லை. அதற்கடுத்த வியாழனும் வரவில்லை. ஒருநாள் சுமதி பள்ளியிலிருந்து வந்து, முப்பது வரிச் செய்யுள் ஒன்றை ஒரே மூச்சில் நடத்தியதாகவும், மீதி வரி சொல்லத் தயாராக இருந்த பிள்ளைகள் ஏமாந்துபோனதாகவும் சொன்னாள். கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து நான்காகக் கிழித்தாள்.

வருடம் திரும்பி, விளக்கு மாற்ற வந்தபோது மகள் வீட்டோடு போய் இருக்கப்போவதாகச் சொன்னார். கோத்தகிரி. "அங்க காத்துக்கு நான் செய்யறதுக்கு ஒண்ணும் இல்லீங்க" என்று கொஞ்சம் வருத்தமாகவே சொன்னார். விளக்கு மாற்றுவதை எனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இப்போதும் மாதம் ஒருமுறை கோத்தகிரியிலிருந்து போன் வருகிறது. என்னோடு இரண்டு வார்த்தை. பிறகு, "அம்மணிகிட்டக் குடுங்க" என்பார். அவளிடம் ஒவ்வொரு தடவையும் ஒரே வேண்டுகோள்தான்: "ஏதாச்சும் ஒரு பாட்டுச் சொல்லுங்க அம்மணி, நெம்ப நீளமானதா." சுமதி ஜன்னலோரம் நின்று நிறுத்தி நிதானமாகச் சொல்லுவாள். மறுமுனையில் சத்தமே இருக்காது. முடிந்ததும், "நல்லதுங்க" என்று வைத்துவிடுவார்.

அவருக்குத் தமிழின்மேல் இவ்வளவு ஆசையா என்று அவளுக்கு ஆச்சரியம். அவர் கேட்பது பாட்டை அல்ல, வரிக்கும் வரிக்கும் நடுவில் அவள் விடுகிற மூச்சை என்று நான் இதுவரை அவளிடம் சொல்லவில்லை.