கை படாமல் டிரம் கழற்றுவோர்

மனிதருள் ஓர் இனம் உண்டு. அவர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. தெருவில் ஒரு பழைய வண்டியை நிறுத்தி, பின்சக்கரத்துக்கு ஜாக்கி கொடுத்துத் தூக்கி, சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டுங்கள், போதும். இலையில் இட்லி பாதி இருக்க, கையைக் கழுவிக்கொண்டு வந்துவிடுவார்கள். வேட்டியில் கறை ஒட்டாத தூரத்தில், ஆனால் கழுத்தை நீட்டினால் அனைத்தும் தெரியும் அண்மையில், கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார்கள். அந்தக் கைகள் முன்னால் வருவது அரிது. வந்தால்தான் ஆபத்து.

திருக்கோகர்ணத்தில் வசிக்கும் ரெங்கசாமி இவ்வினத்தின் சிறந்த மாதிரி. ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்காணிப்பதிலிருந்து மட்டும் இன்னும் ஓய்வு பெறாதவர். அவர் பேச்சில் ஒரு நுட்பம் உண்டு. வேலை நன்றாக நடந்தால், அதைச் செய்பவர்கள் "நாம". கோணலாகிவிட்டால், செய்தவர் "நீங்க".

அண்மையில் ஒரு காலைப்பொழுது. பக்கத்து வீட்டு வெற்றிசெல்வனின் தங்கை மகளுக்கு அறந்தாங்கிப் பக்கத்துக் குலதெய்வக் கோயிலில் காதணி விழா. பத்தரைக்குள் நல்ல நேரம் முடிகிறது. தாய்மாமனான வெற்றிசெல்வனின் மடியில் அமர்த்தித்தான் குழந்தைக்குக் காது குத்த வேண்டும். சீர்த்தட்டுகள் வேனில் ஏறிவிட்டன. கிடாய் மட்டும் விளக்குக் கம்பத்தில் கட்டிக் கிடக்கிறது. ஆனால் வேனோ, பல நாள் மழையில் நனைந்தபடி நின்ற பழைய வேன். பின்சக்கரங்களுள் ஒன்று சுழல மறுக்கிறது. சக்கரத்தைக் கழற்றியாயிற்று, பிரேக்கை மூடியிருக்கும் இரும்பு டிரம்தான் துருவேறி ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது.

நமது ரெங்கசாமி வந்து சேர்ந்தார்.

"தம்பி, வண்டி உருண்டுறப் போவுது. சேஃப்டிதான் மொதல்ல" என்று சொல்லி, திறந்திருந்த சன்னல் வழியே கையை நீட்டி, ஹேண்ட்பிரேக்கை நன்றாக மேலே இழுத்துவிட்டார். அன்றைய வேலையில் அவர் கை பட்டது அந்த ஒரே முறைதான்.

வண்டியின் பின்னால் குனிந்திருந்த வெற்றிசெல்வன் இதைக் கவனிக்கவில்லை. நாம் கவனித்துவிட்டோம். ஹேண்ட்பிரேக்கை இழுத்தால், டிரம்முக்குள் இருக்கும் பட்டைகள் விரிந்து அதனை உள்ளிருந்து இறுகப் பற்றிக்கொள்ளும். வெளியில் ஒருவர் கழற்றிக்கொண்டிருக்கிறார். உள்ளே ரெங்கசாமியின் பாதுகாப்பு பிடித்துக்கொண்டிருக்கிறது. டிரம் யார் பேச்சைக் கேட்கும்?

"அங்கிட்டு இல்ல தம்பி, இங்கிட்டுத் தட்டுங்க."

இங்கிட்டுத் தட்டினார்.

"இப்பக் கொஞ்சம் அங்கிட்டு."

தட்டத் தட்டத் துரு உதிர்ந்தது. சொல்லச் சொல்ல ரெங்கசாமிக்கு ஊக்கம் பிறந்தது. தமது அலுவலக ஜீப்பின் டிரம் ஒருமுறை இப்படித்தான் சிக்கிக்கொண்டது என்றார். தாம் அருகில் நின்ற காரணத்தால்தான் அது கழன்றது என்றார். ஓட்டுநரே அதனைப் பலரிடமும் சொல்லியிருக்கிறார் என்றார். அந்த ஓட்டுநர் இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்க யாருக்கும் நேரமில்லை.

வெற்றிசெல்வனின் செல்பேசி ஒலித்தது. தங்கை அழகி.

"அண்ணே, எங்க வாரீங்க?"

"இந்தா, திருக்கோகர்ணம் தாண்டிட்டோம்மா" என்று, திருக்கோகர்ணத்தில் குத்தவைத்தபடியே சொன்னார் அவர்.

"வெரசா வாங்கண்ணே. மாமன் வரலைன்னா பெரியப்பன் மடியில வச்சுக் குத்திருவோம்னு இங்க பேச ஆரம்பிச்சுட்டாக."

வெற்றிசெல்வனுக்கு முகம் வெளுத்துவிட்டது. தாய்மாமன் உயிரோடு இருக்கும்போது வேறொருவர் மடியா? டிரம்மில் இருந்த இரு துளைகளிலும் போல்ட்டுகளை முடுக்கி, அதனை வெளியே தள்ளப் பார்த்தார்.

"இன்னும் ஒரு சுத்து" என்றார் ரெங்கசாமி.

"போதும் சார், இதுக்கு மேல தாங்காது."

"அட, தாங்கும். சுத்துங்க."

டக்கென்று ஒரு போல்ட்டின் தலை முறிந்து விழுந்தது.

"நீங்க அவசரப்பட்டுட்டீங்க தம்பி."

வெற்றிசெல்வனின் மனைவி சத்யா, பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்வந்தார். "என்னங்க, பேசாம ஆட்டோவுல போயிருவோம்."

"கெடாவ மடியில வச்சுக்கிட்டா போறது?"

"இப்புடியே தட்டிக்கிட்டு இருந்தா ஒங்க மடி காலியாத்தான் கெடக்கும், பரவாயில்லையா?"

விடைக்குக் காத்திராமல், தட்டுகளை ஆட்டோவுக்கு மாற்ற வேண்டி அவர் வேனின் முன்கதவைத் திறந்தார். பழத்தட்டை எடுக்கையில், நிமிர்ந்து நின்ற ஹேண்ட்பிரேக்கில் முந்தானை மாட்டிக்கொண்டது. எரிச்சலுடன் அதை விடுவித்து, அந்தக் கம்பியைக் கீழே அழுத்தினார்.

"ஆங், இப்பக் கீழ ஒரு தட்டு" என்றார் ரெங்கசாமி.

டிரம் கழன்று தார்ச்சாலையில் 'ணங்' என்று விழுந்து உருண்டது. கிடாய் துள்ளியது.

"பாத்தீங்களா! நாம கழட்டிட்டோம்ல!"

சத்யா தலையை வெளியே நீட்டினார். "இந்த ஹேண்ட்பிரேக்க யாருங்க தூக்கி விட்டது?"

"நான்தாம்மா. இல்லைன்னா வண்டி இந்நேரம் தெருமுனைக் கொளத்துல கெடக்கும்."

சத்யா எதையோ சொல்ல வாயெடுத்தார். வெற்றிசெல்வன் சைகை காட்டினார். சண்டைக்கு வேறொரு நாள் இருக்கிறது, நல்ல நேரத்துக்கு இல்லை. பட்டைகளில் இருந்த துருவைச் சுரண்டி, டிரம்மையும் சக்கரத்தையும் மாட்டி, கிடாயை ஏற்றிவிட்டுத் திரும்பினால், ரெங்கசாமி முன்னிருக்கையில் அமர்ந்திருந்தார். "வழியில பிரேக்கு எப்புடிப் புடிக்குதுன்னு ஒருத்தர் பாக்கணும்ல?"

கோயிலை அடைந்தபோது, பெரியப்பா மணையில் அமர்ந்து குழந்தையை மடியில் வைத்திருந்தார். வெற்றிசெல்வன் ஓடினார். பெரியப்பா அரைமனத்துடன் எழுந்து இடம் விட்டார். வெற்றிசெல்வனின் கையிலிருந்த கிரீஸ் பட்டுப்பாவாடையில் ஐந்து விரல்களாய்ப் பதிய, குழந்தை தன் மாமன் மடிக்கு வந்து சேர்ந்தது. அழகி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காது குத்த வந்திருந்த ஆசாரியார் ஊசியை எடுத்தார். அனைவரும் மூச்சை அடக்கினர்.

"ஆசாரியாரே," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது, "ஊசியக் கொஞ்சம் சாய்ச்சுப் புடிங்க."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், தவறில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபம் கொள்ளாதீர்கள். அங்கே டிரம் வராமல் வெற்றிசெல்வன் தவித்தபோது, 'சற்று மண்ணெண்ணெய் விட்டிருக்கலாமே', 'இரும்பைச் சூடாக்கியிருக்கலாமே' என்று உங்கள் மனத்துக்குள் ஒரு யோசனை எழுந்ததா? எழுந்ததென்றால், நாற்காலியில் சாய்ந்தபடி, விரலில் ஒரு பொட்டுக் கிரீஸும் படாமல், நீங்களும் ஒரு டிரம்மைக் கழற்றியிருக்கிறீர்கள். வாழ்த்துகள். அடுத்த முறை தெருவில் சுத்தியல் ஒலி கேட்கும்போது, உங்கள் கால்கள் எந்தப் பக்கம் நடக்கின்றன என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.