ஒழுங்கான பூகம்பம்

ஊசி மறுபடியும் ஆடியது.

சொரிமுத்து பார்த்துக்கொண்டே இருந்தான். உருளையில் சுற்றிய காகிதத்தில் நேர்கோடு போட வேண்டிய ஊசி, நெருக்கி நெருக்கி மலையும் பள்ளமுமாக வரைந்தது. அது இன்னும் பதினைந்து நாள் பொறுத்திருந்தால் அவன் பிழைத்திருப்பான்.

விஷயம் இதுதான். 1983 தை மாதம், தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே பாறையடித் தெருவில், ஒரு சர்க்கார் இலாகா ஒற்றை அறையை வாடகைக்கு எடுத்தது. பாறையைக் குடைந்து சிமெண்ட் மேடை கட்டி, பூமிக்குள் ஓடும் அலைகளை எழுதும் கருவியை அதன்மேல் வைத்தது. மேடையருகே பூனை நடந்தால் காட்டும். சினைப்பூனை என்றால் சற்று அழுத்தமாகக் காட்டும்.

ஆறு மாதம் சலனமில்லாத இடம் என்று தெரிந்தால் நிலையம் நிரந்தரம். இல்லாவிட்டால் கருவி வேறு ஊருக்குப் போய்விடும். நிலையம் நிரந்தரமானால், ஒன்பது வருடமாகத் தற்காலிகச் சிப்பந்தியாக இருக்கும் சொரிமுத்துவும் நிரந்தரம். அவன் நிரந்தரமானால்தான் மகளை அனுப்புவேன் என்று செங்கோட்டை மாமனார் இரண்டு வருடமாக ஆவுடைத்தாயைத் தன் வீட்டிலேயே வைத்திருந்தார்.

கருவியை வைத்த அன்று அதிகாரி நம்பிராஜன் விளக்கினார்.

"பூமி ஒரே கல்லுன்னு நினைக்காதே. மேலே இருக்கறது ஓடு. உள்ளே எங்கே விரிசல் விட்டாலும் அலை கிளம்பி இங்கே வரும். நம்ம நாடே வருஷத்துக்கு ரெண்டு இஞ்ச் வடக்கே நகருது."

"செங்கோட்டையுமா சார்?"

"எல்லாம் சேர்ந்துதான்."

அப்படியென்றால் இடைவெளி குறையப்போவதில்லை என்று சொரிமுத்து புரிந்துகொண்டான்.

ஐந்து மாதம் கோடு நேராகத்தான் போயிற்று. ஆனியில் சாரல் பிடித்தது. கூரை ஒழுகி, அவனுடைய முக்காலி இருந்த மூலை குளமாயிற்று. காய்ந்த இடம் மேடை ஒன்றுதான். மேடைமேல் தூக்குச்சட்டிகூட வைக்கக் கூடாது என்பது உத்தரவு. சொரிமுத்து உத்தரவை மீறுகிறவன் அல்ல. தூக்குச்சட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அந்த வாரம்தான் ஆட்டம் ஆரம்பித்தது.

முதல் சந்தேகம் எதிரே இருந்த ஹைருன் பீவியின் மாவு மில். போய்ச் சொன்னான். சத்தத்தில் காதில் விழாமல் அவள் மில்லை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"என்ன தம்பி?"

"ஒங்க மில்லு பூமிய ஆட்டுது."

"எம் மில்லு சல்லடையவே ஒழுங்கா ஆட்ட மாட்டேங்கு. பூமிய ஆட்டுதாமே."

அரைமணி நேரம் பேச்சு வளர்ந்தது. திரும்பி வந்து பார்த்தால், அந்த அரைமணி நேரமும் கோடு நூல் பிடித்தாற்போல இருந்தது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? இலாகா முத்திரை குத்திய தாளைக் காட்டி மில்லைப் பூட்ட வைத்தான். தெருவே மாவு திரிக்க இலஞ்சிக்குப் போய், சாரலில் திரும்பி, களியாகக் கொண்டுவந்து சேர்த்தது.

உட்கார்ந்தான். ஊசி ஆடியது.

அடுத்தது பஸ். குடையோடு நடுரோட்டில் நின்று ஐந்தருவி பஸ்ஸை மறித்தான். டிரைவர் ஆதித்தன் தலையை நீட்டினார்.

"ஏன்வே, சாவணும்னா அருவி இருக்குல்லா. எம் பஸ்ஸுதானா கெடச்சுது?"

"வேற பாதையில போங்க அண்ணாச்சி. இங்கன பூமி கலங்குது."

பஸ் நின்ற ஒரு மணி நேரமும் ஊசி அசையவில்லை. பஸ்ஸும் பாதை மாறியது. தெரு ஒரு மைல் நடந்தது. நடக்கும்போது யாரைப் பற்றிப் பேசிக்கொண்டு நடந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

உட்கார்ந்தான். ஊசி முன்னைவிட அகலமாக ஆடியது.

பிறகு கொல்லன் பட்டறை நின்றது. உரல் நின்றது. பிள்ளைகள் பாண்டி விளையாடுவது நின்றது. பாறையடித் தெருவில் இருமல் வந்தவர்கள் தென்காசிக்குப் போய் இருமிவிட்டு வந்தார்கள். அறையைப் பெருக்க வரும் குருவம்மாள் மட்டும் வாசலில் நின்று அவனையே பார்த்தாள்.

"அண்ணாச்சி, ஒண்ணு சொல்லட்டா?"

"பேசாத. பெருக்கவும் செய்யாத. வாரியல் சத்தம் அலையாப் போவும்."

அவள் வாரியலை மூலையில் சாத்திவிட்டுப் போய்விட்டாள்.

செத்த வீடு போலிருந்த தெருவில், ஊசி காகிதத்தின் விளிம்பைத் தொட்டது.

மில் இல்லை, பஸ் இல்லை, உரல் இல்லை. அப்படியானால் பூமிதான். சொரிமுத்து தந்தி கொடுத்தான்: 'பூமி ஆடுகிறது. உடனே வரவும். வேலை நிரந்தரம் குறித்து முன்பு எழுதியதையும் கவனிக்கவும்.' மனசாட்சி உள்ளவன் ஆதலால் தெருவுக்கும் சொன்னான். அன்று சாயங்காலமே பாயும் பானையும் ஆடுமாக எல்லாரும் தென்காசிக்கு நடந்தார்கள். கடைசியாகப் போனவள் ஹைருன் பீவி.

"நீயும் வந்துரு தம்பி."

"எனக்கு ட்யூட்டி."

"நிரந்தரமாவே இங்கன இருந்துராத."

இரண்டு நாள் தனியாக உட்கார்ந்திருந்தான். சாரல் நிற்கவில்லை. பூமி பிளந்தால் செங்கோட்டை இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று யோசித்தான். ஆவுடைத்தாய்க்கு ஒரு கடிதம் எழுதினான். வாங்கிக்கொண்டு போகத் தபால்காரரும் இல்லை. யோசிக்க யோசிக்க ஊசி வேகம் பிடித்தது.

மூன்றாம் நாள் ஜீப்பில் நம்பிராஜன் வந்தார். காகிதச் சுருள்களை விரித்து நெடுநேரம் பார்த்தார். முகம் வெளுத்திருந்தது.

"இந்த மாதிரி அலையை நான் எந்தப் புஸ்தகத்திலும் பார்த்ததில்லை. காலையில ஒன்பதுக்கு ஆரம்பிக்குது. ஒண்ணுலேருந்து ரெண்டு வரைக்கும் ஒண்ணுமில்லை. அஞ்சு மணிக்கு நின்னுடறது. ரெண்டு ஞாயித்துக்கிழமையும் சுத்தம். ரொம்ப ஒழுங்கான பூகம்பம்யா இது."

"பூமி நிரந்தரம்லா சார். லீவு உண்டு."

"இப்ப ஏன் நேரா போறது?"

"தெரியல சார். நாம வந்து நின்னதுல இருந்து இப்படித்தான்."

"நீ வழக்கம்போல உட்கார்ந்து கவனி. நான் பார்க்கறேன்."

சொரிமுத்து தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு மேடை விளிம்பில் உட்கார்ந்தான். இன்றைக்கு அதிகாரி எழுதப்போகும் இரண்டு வரியில் தன் வேலையும் பெண்டாட்டியும் இருப்பதை நினைத்தான். ஊசி துடித்தது. நம்பிராஜன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"வந்துட்டு சார்" என்றான் சொரிமுத்து, மெதுவாக.

விட்டுப்போன வாரியலை எடுக்கத் தென்காசியிலிருந்து நடந்து வந்திருந்த குருவம்மாள், நனைந்த தலையை முந்தானையால் துடைத்தபடி வாசலில் நின்றாள்.

"நானும் பத்து நாளா சொல்ல வாரேன், வாயத் தொறக்க விட மாட்டேங்கிய. உக்காந்தா அந்தக் கால ஆட்டாதிய அண்ணாச்சி, குடும்பத்துக்கு ஆகாது."