ககனவேந்தன் தானாகவே பறந்த நாள்

இதனால் சகலருக்கும், குறிப்பாக வானத்துக்கும் அதில் வசிக்கும் பறவைகளுக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: மனித குலம் இத்தனை காலம் முதுகில் சுமந்துவந்த மாபெரும் பாரம் ஒன்று இன்று இறக்கி வைக்கப்படுகிறது. இனிமேல் போர் விமானத்தில் மனிதன் உட்காரத் தேவையில்லை. பசி, தூக்கம், பயம், மனைவி ஆகிய பலவீனங்கள் எதுவும் இல்லாத ஆளில்லா விமானம் 'ககனவேந்தன்', இன்று மாண்புமிகு அமைச்சர் முன்னிலையில், நமது தளத்தின் தலைசிறந்த விமானியோடு வானத்தில் மோதி அவரை வெல்லும்.

வெல்லக்கூடும் என்று இல்லை. வெல்லும் என்றே இருந்தது. தளபதி தானே எழுதி, ஒலிபெருக்கியில் தானே வாசித்த அறிவிப்பு அது. எழுதிய அழகில் மயங்கி மூன்று முறை வாசித்தார். மூன்றாவது முறை முடிக்கும்போது ககனவேந்தனின் மூக்கில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது.

தோற்பதாக அறிவிக்கப்பட்ட தலைசிறந்த விமானி பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். தளத்தில் அவருக்குப் பருந்து என்று பெயர். மூக்கை வைத்து வந்த பெயர்தான். ஆனால் பறப்பதை வைத்து வந்தது என்று அவர் நம்பினார்.

"அது எதுக்கு எரியுது?" என்றார் பருந்து.

"தயாரா இருக்குன்னு அர்த்தம் சார்," என்றார் விற்பனை அதிகாரி. ககனவேந்தனைச் செய்த கம்பெனியின் ஆள். புன்னகையைக் காலையில் சட்டையோடு சேர்த்து மாட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"பச்சை விளக்கும் இருக்கே, அது எரிஞ்சா?"

"அது எரிஞ்சு இன்னும் பார்க்கலை சார்."

பருந்துக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். அவருடைய பிழைப்பே இந்தப் போட்டியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. தோற்றால், தளத்தின் கோடியில் இருக்கும் தகரக் கொட்டகைக்குப் போய்விட வேண்டும். கூட இருந்த நான்கு விமானிகள் ஏற்கெனவே அங்கேதான் நாற்காலிப் பயிற்சியில் இருக்கிறார்கள். எட்டு மணி நேரம் எழுந்திருக்காமல் உட்காருவது எப்படி என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். அதில் ஒருவர் இரண்டு தடவை ஃபெயில்.

காலையில் வீட்டில் இதைத்தான் மனைவியிடம் சொன்னார்.

"தோத்துட்டா தினம் அஞ்சு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துருவீங்களா?" என்று கேட்டாள் அவள்.

"வந்துருவேன். ஞாயித்துக்கிழமை முழுக்க வீட்லதான்."

"எப்படியாவது ஜெயிச்சிருங்க," என்றாள்.

தளபதி வந்து சிவப்பு விளக்கைப் பார்த்தார். "அணைச்சுட்டுப் போடுங்க," என்றார். அணைத்துப் போட்டார்கள். இப்போது இரண்டு சிவப்பு விளக்குகள் எரிந்தன. "இன்னொரு தடவை." நான்கு எரிந்தன. தளபதி வீட்டுத் தொலைக்காட்சியைச் சரிசெய்யும் முறையைக் கையாண்டு, அதன் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தார். எல்லா விளக்கும் அணைந்தன.

"பார்த்தீங்களா," என்றார் தளபதி.

மூக்கின் மூடி வழியாகப் புகை வந்தது.

விற்பனை அதிகாரி மூடியைத் திறந்து, ஒரு பெரிய கறுப்புப் பெட்டியை வெளியே இழுத்தார். புன்னகை மட்டும் அப்படியே இருந்தது. "மூளை போயிருச்சு சார்."

"வேற மூளை?"

"கப்பல்ல வந்துக்கிட்டிருக்கு."

வாசலில் அமைச்சரின் கார்கள் நுழையும் சத்தம் கேட்டது. தளபதி அந்தப் பெட்டி இருந்த பொந்தைப் பார்த்தார். பிறகு பருந்தை மேலிருந்து கீழாகப் பார்த்தார். தையல்காரர் பார்ப்பதுபோல் இருந்தது அது.

"பருந்து, நீ என்ன எடை இருப்பே?"

"சார், அது ஆளில்லா விமானம்."

"உள்ளே உட்கார்ந்தா வெளியே தெரியப்போறதில்லை. ராணுவத்தைப் பொறுத்தவரை தெரியாத ஆள் இல்லாத ஆள்தான்."

விற்பனை அதிகாரி பதறிப்போனார். "ஐயோ சார், இப்படி ஒரு யோசனை இதுவரைக்கும் யாருக்கும்..."

"வந்திருக்காது," என்றார் தளபதி. "அதனாலதான் அவங்கள்லாம் யாரோ, நான் தளபதி. உள்ளே ஓட்டுறதுக்கு ஏதாவது இருக்கா?"

"சோதனை பண்றதுக்குன்னு ஒரு கைப்பிடி இருக்கு. கேமரா கண்ணாடி வழியா வெளியே கொஞ்சம் தெரியும். ஆனா சார்..."

"போதும்."

"அப்ப என் விமானத்தை யார் ஓட்டுறது?" என்றார் பருந்து.

அதற்கும் தளபதியிடம் பதில் இருந்தது. பழைய விமானங்களைச் சுட்டுப் பழகும் இலக்காகப் பறக்கவிடுவதற்காக, தரையிலிருந்தே இயக்கும் ஒரு கருவியைப் பருந்தின் விமானத்தில் போன மாதமே பொருத்தியிருந்தார்கள். பருந்துக்கு அது இப்போதுதான் தெரியும். தன் விமானத்தை அடுத்து என்ன செய்ய உத்தேசித்திருந்தார்கள் என்பதும் இப்போதுதான் தெரியும்.

"அவசரத்துக்குன்னு ககனவேந்தனைத் தரையிலிருந்து ஓட்டப் பழகின நம்ம சகலைங்க ரெண்டு பேரும் சும்மாதானே இருக்காங்க. அவங்க கொட்டகையில உட்கார்ந்து உன்னோடதை ஓட்டட்டும்."

ஆக, ஆளில்லா விமானத்தில் ஆள் இருப்பார். ஆள் ஓட்டும் விமானத்தில் ஆள் இருக்க மாட்டார். தளபதிக்கு இதில் எந்த முரண்பாடும் தெரியவில்லை. கணக்குக்கு ஒரு ஆள், இரண்டு விமானம், சரியாக இருக்கிறதே.

பருந்து மறுத்திருப்பார். ஆனால் ஒரு எண்ணம் பளிச்சென்று வந்தது. உள்ளே இருப்பது நான். எனவே தோற்பது என் கையில். ககனவேந்தனைக் கேவலமாக ஓட்டித் தோற்கடித்துவிட்டால், விமானிகள் பிழைத்தார்கள். அவர் சட்டென்று பொந்துக்குள் இறங்கினார். முழங்கால் இரண்டும் காதைத் தொட்டன. கம்பெனி மெக்கானிக் ஒருவர் வாயில் இரண்டு ஸ்குரூவைக் கவ்விக்கொண்டு வந்து, மூடியை முடுக்கிவிட்டுப் போனார்.

மேலே போனதும் பருந்து முதல் வேலையாக ககனவேந்தனைத் தள்ளாடவிட்டார். நொண்டியடித்து, நெளிந்து, சந்தையில் வழி தவறிய எருமை மாதிரி ஓட்டினார். இதைவிட மோசமாக உலகத்தில் யாராலும் பறக்க முடியாது என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தால், அவருடைய சொந்த விமானம் மல்லாந்து வந்துகொண்டிருந்தது.

சகலைகள் இருவரையும் பற்றித் தளத்தில் எல்லோருக்கும் தெரியும், தளபதியைத் தவிர. அக்காவைக் கட்டியவர் மூத்த சகலை. அவருக்கு ஏற்றுவது, இறக்குவது. தங்கையைக் கட்டியவர் இளைய சகலை. அவருக்கு இடது, வலது. மாமியார் வீட்டுக்குப் போனால் ஏசி அறை யாருக்கு என்ற தகராறில் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் தளபதி வழியாகத்தான் சொல்வார்கள். தளபதி அதை ராணுவ ஒழுங்கு என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

தளபதியின் மைக் திறந்தே இருந்ததால், காதில் மாட்டியிருந்த ரேடியோவில் பருந்துக்கு எல்லாம் விழுந்தது.

"சார், கொஞ்சம் ஏத்தச் சொல்லுங்க அவரை," என்றது கொட்டகையிலிருந்து இளைய சகலையின் குரல்.

"ஏத்துய்யா," என்றார் தளபதி.

"திருப்பினதுக்கு அப்புறம்தான் சார் ஏத்த முடியும். அதை முதல்ல அவருக்குத் தெரியுமான்னு கேளுங்க. ஏசி போட மட்டும் தெரிஞ்சாப் போதாது," என்றது மூத்தவரின் குரல்.

முதல் போட்டி, கயிற்றில் கட்டிவிட்ட பெரிய பலூனைச் சாயக் குண்டால் சுடுவது. பருந்து கவனமாகக் குறி தவறினார். பலூனுக்கும் குண்டுக்கும் நடுவில் ஒரு பேருந்து போகலாம். ஆனால் அவருடைய விமானம், தரையில் அமைச்சரை வரவேற்று வைத்திருந்த பதாகையைச் சுட்டது. சாயம் தளபதியின் படத்தில் மீசைக்கு மேல் சரியாக விழுந்தது. பலூனுக்குக் கொஞ்சமாவது பக்கத்தில் சுட்டது ககனவேந்தன்தான் என்று தீர்ப்பானது.

"விமானத்துல இருக்கிற ஆள் யாரு?" என்று அமைச்சர் கேட்பது மைக்கில் வந்தது.

"என் வீட்டுக்காரர்தாங்க," என்றாள் பருந்தின் மனைவி. அவளையும் முதல் வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள்.

"எப்பவும் இப்படித்தான் ஓட்டுவாரா?"

"ஸ்கூட்டர் இப்படித்தான் ஓட்டுவாருங்க. இது நல்லா ஓட்டுவேன்னு சொல்லியிருந்தாரு."

முழங்கால்களுக்கு நடுவில் பருந்து பல்லைக் கடித்துக்கொண்டார்.

இரண்டாவது போட்டி, ஒருவர் பின்னால் இன்னொருவர் போய் வாலைப் பிடிப்பது. இதில் தோற்பது சுலபம். வேகத்தைக் குறைத்து, வந்து பிடித்துக்கொள் என்று வாலைக் காட்டி நின்றார். அவருடைய விமானம் வந்தது; தாண்டிப் போனது; ஒரு சுற்றுச் சுற்றி வந்து அவர் மூக்குக்கு நேராகத் தன் வாலை நீட்டியது. அவர் இடது பக்கம் ஒதுங்கினார். அதுவும் ஒதுங்கியது. வலது பக்கம் ஓடினார். கல்யாண வீட்டில் கை குலுக்காமல் தப்பிக்க நினைக்கிற உறவுக்காரரைத் துரத்துவதுபோல அது முன்னாலேயே வந்து நின்றது.

"அபாரம்," என்றார் அமைச்சர். "விடாப்பிடியா வாலைப் பிடிச்சிருக்கு பாருங்க. மனுஷனா இருந்தா இந்நேரம் சலிச்சுப்போயிருப்பான்."

"ககனவேந்தனுக்குச் சலிப்பே கிடையாது சார்," என்றது விற்பனை அதிகாரியின் குரல்.

இனி ஒரே வழி. மூன்றாவது போட்டியான தரையிறக்கத்தில் ககனவேந்தனைச் சேற்றில் கொண்டுபோய்ச் செருகிவிட வேண்டும். ஓடுபாதைக்குப் பக்கத்தில் நல்ல சேறாக ஒரு இடத்தைப் பார்த்தும் வைத்தார். அப்போதுதான் கொட்டகையில் பிரச்சினை முற்றியது.

"அவருக்கு அந்த வீட்ல முதல்ல வந்த மருமகன்னு நினைப்பு சார். அதைக் குறைச்சுக்கச் சொல்லுங்க," என்றார் இளையவர்.

"நான் எழுந்து போறேன்," என்றார் மூத்தவர்.

"விமானம் இறங்கிட்டிருக்குய்யா," என்றார் தளபதி.

"இறக்குறது என் வேலை சார். ஏசி அறையை விட்டுக்கொடுக்கிறேன்னு அவர் சொல்லட்டும், ஏத்துறேன்."

நாற்காலி தள்ளப்படும் சத்தம் கேட்டது. பருந்தின் விமானம் தலையைக் கவிழ்த்து நேராகக் கீழே போக ஆரம்பித்தது. இடது வலது மட்டும் மிக நேர்த்தியாக நடந்துகொண்டிருந்தது. அது போகும் திசையில் பந்தல் இருந்தது. பந்தலில் அமைச்சர் இருந்தார், அதைப்பற்றிக்கூடப் பருந்து பெரிதாகக் கவலைப்பட்டிருக்க மாட்டார். முதல் வரிசையில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

சேறு மறந்துபோனது. தோல்வி மறந்துபோனது. காலில் உணர்வே இல்லாத நிலையில், ஒரு கைப்பிடியை மட்டும் வைத்துக்கொண்டு, பருந்து ககனவேந்தனைச் செங்குத்தாகக் கீழே பாயவிட்டார். விழுந்துகொண்டிருந்த விமானத்தின் இறக்கைக்கு அடியில் தன் இறக்கையைக் கொடுத்து, தூங்கும் குழந்தையைப் புரட்டிப் போடுவதுபோல மெல்ல நெம்பினார். இரண்டும் பந்தலின் துணி படபடக்க மேலே உரசிக்கொண்டு போயின. அவருடைய விமானம் ஓடுபாதையைத் தாண்டி, அவர் பார்த்து வைத்திருந்த அதே சேற்றில் போய் உட்கார்ந்தது. ககனவேந்தன் பூப்போல இறங்கியது. அவர் வாழ்நாளில் அப்படிப் பறந்ததில்லை. இனிமேலும் அப்படிப் பறக்கப்போவதில்லை.

கைதட்டல் ஓய நேரமாயிற்று.

"சத்தியமாச் சொல்றேன்," என்றார் அமைச்சர் தழுதழுத்த குரலில், "எந்த மனுஷனாலயும் இது முடியாது. நூறு வாங்குறோம். விமானிங்க எல்லாரையும் நாளையிலிருந்து வேற வேலைக்கு அனுப்பிடுங்க. ஆமா, அந்த விமானத்துல இருந்த ஆள் என்ன ஆனார்?"

தளபதி ஒரு வினாடிதான் யோசித்தார். "பயந்துபோய் பாராசூட்ல குதிச்சிட்டார் சார். ஆரம்பத்திலேயே."

மனைவி ஏதாவது சொல்வாள் என்று பருந்து காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணமானதிலிருந்து அவள் பேசாமல் இருந்த இடம் அது ஒன்றுதான். அது எல்லாவற்றையும்விடக் கடுமையாக இருந்தது.

ககனவேந்தனுக்கு மாலை போட்டு, தள்ளிக்கொண்டு போய்க் கூடாரத்தில் விட்டார்கள். கூட்டமெல்லாம் அமைச்சரின் பின்னால் போய்விட்டது. ரொம்ப நேரம் கழித்து மெக்கானிக் மட்டும் வந்து மூடியின் ஸ்குரூக்களை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார்.

"வெற்றி பெற்றது யார் தெரியுமா?" என்றார் உள்ளேயிருந்து பருந்து, கசப்போடு.

மூடி திறந்தது.

"என்னை நானே தோற்கடிச்சு, என் வேலையை நானே பிடுங்கிக்கிட்டேன். இந்தத் தகரத்துக்கு நூறு ஆர்டர். சரி, போகட்டும். கப்பல்ல வர்ற மூளையாவது ஒழுங்கா ஓட்டுமா?"

மெக்கானிக் அவரை அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, தரையில் நிறுத்தி, மரத்துப்போன முழங்காலைத் தேய்த்துவிட்டார்.

"கொஞ்சம் இடிச்சிருக்கும் சார்," என்றார். "இதை வாங்கின மத்த அஞ்சு நாட்டுலயும் இதுக்குள்ள உட்கார்ந்து ஓட்டுறவங்க உங்களைவிடக் குட்டை."