ரெண்டு அடுப்பும் ஒன்பது கிரகமும்

திருவாதவூர்,
வெள்ளிக்கிழமை.

கொட்டாம்பட்டியில் இருக்கும் மாப்ள முத்துப்பாண்டிக்கு, கண்ணுச்சாமி எழுதிக்கொள்வது. இங்கே நானும் மாடுகளும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. அங்கே உங்கள் அக்கா ஜெயக்கொடி நலமாகத்தான் இருப்பாள். கோவித்துக்கொண்டு போன இடத்தில் அவளுக்கு ஒரு குறையும் வந்ததில்லை. போன் போட்டால் கட் பண்ணிவிடுகிறீர்கள், அதனால் இந்தக் கடிதம்.

எல்லாம் உங்கள் மகள் சத்யப்ரியாவால் வந்தது. திருவிழாவுக்கு வந்த பிள்ளை, "மாமா, பூமி, வியாழன், சனி எல்லாம் சூரியனைச் சுத்திக்கிட்டே இருக்கு"ன்னு சொன்னாள். "இம்புட்டும் ஒண்ணையே சுத்துனா முட்டிக்காதா தாயி?"ன்னு கேட்டேன். அவ வாயத் தொறக்குறதுக்குள்ள ஒத்தக்கடை பஸ் வந்துருச்சு, காலேஜுக்கு ஓடிட்டா. அந்த பஸ் என்னைக்குமே நேரத்துக்கு வராது மாப்ள. ஒருதடவ அதுக்குள்ளயே ஒரு ஆடு குட்டி போட்டுச்சு, கண்டக்டர் குட்டிக்கும் டிக்கெட் கேட்டான், அத நேர்ல சொல்றேன்.

சனிக்கிழமை எள்ளு விளக்குப் போடப் போனேனா, அங்க நவக்கிரகத்தப் பாத்தேன். ஒன்பதும் ஒரே மேடையில நிக்குது, ஒண்ணு மூஞ்சிய ஒண்ணு பாக்கல. அட, மூஞ்சியப் பாத்தாத்தான சண்டை, அதான் முட்டாம நிக்குதுன்னு புரிஞ்சுபோச்சு. நம்ம வீட்டுலதான் உங்க அக்காளுக்கும் மருமக முத்துமீனாவுக்கும் உப்புக்கு ஒரு சண்டை, புளிக்கு ஒரு சண்டையா. கேஸ் அடுப்பக் கிழக்க பாத்து வச்சேன், வெறகடுப்ப மேற்க பாத்து வச்சேன். ரெண்டு பேரும் முதுகக் காட்டிக்கிட்டே சமைங்கன்னுட்டேன். மொத நாளு வீடு கோயிலு மாதிரி இருந்துச்சு.

மறுநாளு நடுவுல நான் உக்காந்து முருங்கக்கீர உருவுறேன். உங்க அக்கா கஞ்சி வடிக்கப் பானையோட பின்பக்கமா நடந்து வாரா, முத்துமீனா ரசச்சட்டியோட பின்பக்கமா நடந்து வாரா. முதுகும் முதுகும் முட்டி, கஞ்சியும் ரசமும் என் தலையில.

"கண்ணு என்ன பொடதியிலயாடி இருக்கு?"

"பாக்கக் கூடாதுன்னு மாமாதான சொன்னாரு, அத்த!"

ரெண்டு பேரும் திரும்பி என்னையப் பாத்தாங்க. அவுக ஒத்துமையா ஒரு காரியம் செஞ்சது அது ஒண்ணுதான். ஒடனே உங்க அக்கா பையத் தூக்கிட்டா.

பெறகு சத்யப்ரியாவுக்குப் போன் போட்டேன். "மாமா, பாக்காம இருக்குறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. சூரியன் இழுத்துக்கிட்டே இருக்கு, இதுக பக்கவாட்டுல ஓடிக்கிட்டே இருக்கு. இழுப்பு இல்லாட்டி ஓடியே போயிரும், ஓட்டம் நின்னா சூரியன்லயே போயி விழுந்துரும். ஒவ்வொண்ணுக்கும் தனி வழி, நடுவுல கோடிக்கணக்கான மைல் எடம்"னா. கோடி மைலுக்கு நான் எங்க போவேன் மாப்ள? நம்ம அடுப்படியில ஒரு ஆளு குனிஞ்சா இன்னொரு ஆளு வெளிய நிக்கணும்.

உங்க அக்கா போனதுலருந்து வீட்டுல இழுப்பே இல்ல. டீக்கடைக்குப் போனா திரும்பி வரத் தோணல. மாடு என்னைக் கிட்ட விட மாட்டேங்குது. மருமக வைக்கிற கொழம்புல உப்பு சரியா இருக்கு, சொல்லிச் சண்டை போட ஆளில்லாம அதுவும் தொண்டையில எறங்கல. அக்காள அனுப்பி வைங்க மாப்ள, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

உங்கள் வீட்டாருக்கும் ஆடுமாடுகளுக்கும் மீனாட்சி ஒரு குறையும் வைக்க மாட்டாள்.

இப்படிக்கு,
கஞ்சி காய்ந்த தலையோடு,
கண்ணுச்சாமி.

பின்குறிப்பு: மேலே எழுதியதை விட்டுவிடுங்கள். கடுதாசிய ஒட்டப் போகையில உங்க அக்கா பஸ்ஸ விட்டு எறங்கி வந்துட்டா. அதே பஸ்ஸுல முத்துமீனா அவ அம்மா வீட்டுக்கு ஏறிட்டா. ஒரே படியில ஒருத்தி எறங்க, ஒருத்தி ஏற, ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாக்கவே இல்லையாம். முட்டவும் இல்ல. சத்யப்ரியாகிட்டச் சொல்லுங்க.